நத்தார் முன்னிரவு விருந்து: 22 பேருக்கு எத்தனை கிலோ ஒக்டோபஸ் வாங்குவது?

ஸ்காபுரோ செல்வி (நவம்பர் 18)

எல்லோருக்கும் வணக்கம். என் மூத்த மகளுக்கு இந்த ஆவணியில் நிச்சயதார்த்தம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வடக்குப் போர்த்துகலிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து குடியேறியவர்கள். நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முதல் நாள் இரவு அவர்களுக்குப் பெரிய விருந்து. அதைக் கொன்சுவாடா என்கிறார்கள். அன்று இறைச்சி கிடையாது. உப்பிட்டுக் காயவைத்த கொட் மீனும் ஒக்டோபஸும்தான் மேசையில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் அது சம்பந்தி வீட்டில் நடப்பது வழக்கம். அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருப்பதால், இந்த முறை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கொட் மீனை அவர்கள் சமைத்துக் கொண்டுவருவார்கள். ஒக்டோபஸ் என் பொறுப்பு.

கணவாய்க் கறி நான் எத்தனையோ முறை வைத்திருக்கிறேன். ஒக்டோபஸை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கடையில் உறையவைத்ததுதான் கிடைக்கிறது. 2 முதல் 4 இறாத்தல் (பவுண்ட்), 4 முதல் 6 இறாத்தல் என்று தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். என் தங்கை, கணவாய்க்குக் கணக்குப் பார்ப்பதுபோல ஆளுக்கு 100 கிராம் போதும், இரண்டரைக் கிலோ வாங்கு என்கிறாள். என் கணவர் பத்துக் கிலோ என்கிறார். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வருபவர்கள் 22 பேர். அவர்கள் பக்கம் 9 பெரியவர்கள். எங்கள் பக்கம் 10 பெரியவர்கள், 3 பிள்ளைகள். முதன்முறையாகச் சம்பந்தி வீட்டாரை அவர்களுடைய திருநாளில் நம் வீட்டில் உட்காரவைக்கிறேன். அவர்களுடைய உணவே அவர்களுக்குப் போதாமல் போய்விடக் கூடாது. அதே நேரம், கிலோக் கணக்கில் மிஞ்சிக் குப்பைக்குப் போனாலும் மனம் பொறுக்காது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

முத்துநகர்க் கடலோடி (நவம்பர் 18)

செல்வி அக்கா, தூத்துக்குடியில் நாங்கள் இதைப் பேய்க்கணவாய் என்போம். பன்னிரண்டு வருடம் மீன் ஏற்றுமதிக் கூடத்தில் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். பெட்டி பெட்டியாக இதைக் கையால் அள்ளியவன் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை சொல்லும் கணக்கு கணவாய்க்குச் சரி, இதற்குச் சரிவராது. கணவாயைச் சட்டென்று வதக்கி இறக்குகிறோம். பேய்க்கணவாயை முக்கால் மணி நேரமாவது வேகவைத்தால்தான் பல்லுக்கு அடங்கும். அதற்குள் உடம்பிலுள்ள நீரெல்லாம் பானைக்கு வந்துவிடும். பச்சையாக இருக்கும்போது என் மணிக்கட்டுப் பருமன் இருந்த கால், வெந்து வெளியே வரும்போது கட்டைவிரல் பருமனுக்கு வந்து, நுனி சுருண்டு நிற்கும். பச்சை எடையில் பாதிதான் தட்டுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரைக் கிலோ வாங்கினால் ஆளுக்கு 57 கிராம்தான் வரும். அது ருசி பார்க்க மட்டுமே ஆகும்.

இன்னொன்று. உறையவைத்ததன் மேல் பனிப்பூச்சு இருக்கும். உலர்ந்துபோகாமல் இருக்க நாங்களே தண்ணீரில் முக்கி எடுத்துப் பூசுவோம். பையில் அச்சிட்ட நிகர எடையைப் பாருங்கள். கடையில் தராசில் போட்டு விலை சொன்னால் பனிக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள்.

உறைந்தது என்று தயங்க வேண்டாம். இதைப் பொறுத்தவரை உறைந்ததுதான் நல்லது. உள்ளே நீர் பனியாகும்போது தசைநாரை உடைத்துவிடுகிறது. கிரேக்கத் தீவுகளில் பாறையில் அடித்து அடித்துப் பதப்படுத்துவார்கள் அல்லவா, அந்த வேலையைப் பனி சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கும்.

---

பந்தி விசாரிப்பு (நவம்பர் 18)

நான் மதுரைப் பக்கம் முப்பது வருடமாகக் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவன். ஆக்டோபஸ் சமைத்ததில்லை. ஆனால் அளவு போடும் முறை எந்த உணவுக்கும் ஒன்றுதான்.

அம்மா, முதலில் 22 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். 22ஆல் வகுத்தால் கணக்குத் தப்பும். ‘இது யாருக்கு விருந்து, யாருக்குப் பக்கத்துக் கறி, யாருக்கு வெறும் வேடிக்கை’ என்று மூன்றாகப் பிரியுங்கள். நாங்கள் ஒரு கல்யாணத்தில் இறால் போடும்போது இப்படித்தான் ஊரையே பிரித்துப் பார்ப்போம். கடற்கரையிலிருந்து வரும் உறவுக்காரர் எத்தனை பேர், உள்நாட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வோம். முஸ்லிம் வீட்டு விருந்தென்றால் ஷாஃபி வழியினரா ஹனஃபி வழியினரா என்றும் கேட்போம். ஹனஃபி வழியினர் மீனைத் தவிர மற்ற கடல் உயிர்களைத் தவிர்ப்பது வழக்கம். தலைக்கணக்கு ஒன்றே என்றாலும், எண்ணெய்ச் சட்டியில் விழும் கிலோ இடத்துக்கு இடம் மாறும்.

உங்கள் வீட்டுக்கு என் கணக்கு: சம்பந்தி பக்கம் 9 பேர், வெந்த எடையில் ஆளுக்கு 200 கிராம், மொத்தம் 1,800. உங்கள் பக்கம் 10 பேர், ஆளுக்கு 70 கிராம், 700. பிள்ளைகள் மூவருக்கு 30 வீதம் 90. கூட்டினால் 2,590 கிராம் வெந்தது. கடலோடி தம்பி சொன்னதுபோலப் பாதியாகச் சுருங்கும் என்றால் பச்சையாக 5 கிலோ 200 கிராம்.

---

அடுப்படி (நவம்பர் 19)

200 கிராம் குறைவு. பார்சிலோனாவில் ஓர் உணவகத்தில் நானும் என் கணவரும் சாப்பிட்டபோது ஒரு தட்டில் அதைவிட அதிகமாக வைத்தார்கள். திருநாள் என்றால் ஆளுக்கு 300 கிராமாவது வேண்டாமா? குறைவாக வாங்கி வருந்துவதைவிட அதிகம் வாங்கி மகிழலாம். அத்துடன், முக்கால் மணி நேரம் எதற்கு? குக்கரில் ஐந்து விசில் வைத்தால் போதுமே.

---

போர்ட்டோவாசி (நவம்பர் 19)

செல்வி அக்கா, நான் பதினொரு வருடமாகப் போர்ட்டோவில் இருக்கிறேன். என் மனைவி இந்த நாட்டுக்காரி. அவளுடைய தாய்வீடு மலைப்பக்கம், த்ராஸ்-உஷ்-மொந்த்தஷ் பகுதியில் இருக்கிறது. நாட்டின் மற்ற இடங்களில் கொன்சுவாடா என்றால் பெரும்பாலும் கொட் மீன்தான். மினோ, த்ராஸ்-உஷ்-மொந்த்தஷ் ஆகிய வடபகுதிகளில்தான் ஒக்டோபஸும் சேர்ந்து வரும். இங்கே அதற்குப் ‘போல்வு’ என்று பெயர். கடலே தெரியாத மலைக்கிராமத்தில் அந்த இரவு போல்வு இல்லாவிட்டால் ஏதோ குறை வைத்ததுபோல முகம் வாடுவார்கள். ஆகவே நீங்கள் எடுத்துக்கொண்டது சின்னப் பொறுப்பு இல்லை. அதைத் தெரிந்தே எடுத்திருக்கிறீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அடுப்படி அக்கா சொல்லும் 300 கிராம், போல்வு மட்டுமே இருக்கும் மேசைக்குப் பொருந்தலாம். இங்கே கொட் மீனும் வருகிறது. அதனுடன் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், அவித்த முட்டை இருக்கும். அதற்குப் பின் இனிப்புகள் ஒரு மேசை நிறைய இருக்கும். யாரும் 300 கிராம் சாப்பிட மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் மாமியார் கிராமில் கணக்குப் போடுவதே இல்லை. காலை எண்ணுவார். ஒரு போல்வுக்கு எட்டுக் கால்கள். கிட்டத்தட்ட 1.8 கிலோ எடையுள்ள போல்வு வெந்தால் ஒரு கால் 80 முதல் 95 கிராம் வரும். பெரியவர் ஒருவருக்கு இரண்டு கால்கள். தட்டில் இரண்டு கால்களும் முழுதாக, சுருள் கலையாமல் படுத்திருக்க வேண்டும்; அதுதான் மரியாதை. உங்கள் சம்பந்தி பக்கம் 9 பேர், 18 கால்கள். மூன்று போல்வு வாங்கினால் 24 கால்கள். மீதி ஆறு கால்களும் மூன்று தலைகளும் உங்கள் பக்கத்துக்கு. தலை என்று சொல்வது அந்தப் பை போன்ற பகுதியை. அதை அவர்கள் அன்றைய தட்டில் வைக்க மாட்டார்கள்; நறுக்கிச் சோற்றில் போடுவார்கள். நமக்கோ அது வறட்டலுக்குத் தோதான இறைச்சி.

ஆகவே அளவைப் போலவே உருவமும் முக்கியம். ஆறு கிலோ வேண்டும் என்பதற்காக மூன்று கிலோவில் இரண்டு வாங்கினால் 16 கால்கள்தான் கிடைக்கும். ஒருவருக்கு ஒன்றரைக் கால் என்று வெட்டிப் பரிமாற வேண்டியிருக்கும். 900 கிராமில் ஆறு வாங்கினால் கால்கள் விரல் பருமனுக்கு வந்துவிடும், அடுப்பில் வாட்டும்போது நுனி கருகிவிடும். இறக்குமதிப் பெட்டிகளில் டி4 என்று போட்டிருந்தால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்று பொருள். மொராக்கோவிலிருந்து வருவது பெரும்பாலும் இப்படி எண் போட்டுத் தரம் பிரித்துத்தான் வரும். உங்கள் கடைக் கணக்கில் 4 இறாத்தலை ஒட்டியது. அதில் மூன்று.

குக்கர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சோற்றுக்கும் கறிக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் முழுக்காலாகத் தட்டில் வைக்கப் போகிறீர்கள். குக்கரில் கொதி வேகத்தில் தோல் உரிந்து, வட்ட வட்ட உறிஞ்சிகள் கழன்று கீழே போய்விடும். மெல்லிய தீயில், பானையில் வேகட்டும்.

---

அடுப்படி (நவம்பர் 19)

தோல் உரியும் என்பதை நான் யோசிக்கவில்லை. நான் செய்தது எல்லாம் மிளகாய்ப்பொடி போட்டுப் பிரட்டிய கறி. அதில் தோல் உரிந்தாலும் தெரியாது. முழுக்காலுக்குப் பானையே சரி.

---

பந்தி விசாரிப்பு (நவம்பர் 19)

காலை எண்ணும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. எங்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி இப்படித்தான், கிலோவில் வாங்கி எண்ணிக்கையில் போடுவோம். ஆனாலும் அம்மா, ஒரு வேலை செய்யுங்கள். விருந்துக்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி, வாங்கிய எடை, உருகிய எடை, வெந்த எடை மூன்றையும் நிறுத்து எழுதுங்கள். உங்கள் கடைச் சரக்குக்கு உங்கள் பானையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் உண்மையான கணக்கு. மற்றவர் சொன்ன ‘பாதி’யை நம்பி 22 பேரை உட்காரவைக்காதீர்கள்.

---

திரேஸ்புரம் மகள் (நவம்பர் 20)

இதையொட்டி எனக்கும் ஒரு சந்தேகம். மே மாதம் தூத்துக்குடியில் என் பெயரனுக்கு ஞானஸ்நானம். 60 பேர் வருவார்கள். சமையலில் பேய்க்கணவாய் வறட்டல் வைக்க ஆசை. அப்போது கிடைக்குமா, எவ்வளவு வாங்க வேண்டும்?

---

முத்துநகர்க் கடலோடி (நவம்பர் 20)

அக்கா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு கொண்டுவரும் கொஞ்சத்தை நம்பி 60 பேரைக் கூப்பிட முடியாது, விலையும் ஏறிக் கிடக்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே வாங்கி, தலையைப் புரட்டிக் குடலை எடுத்து, நடுவிலுள்ள அலகைப் பிதுக்கி எடுத்துவிட்டு, கல்லுப்புப் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்துக் கழுவி, பிரித்துப் பிரித்துப் பையிலிட்டு உறையவையுங்கள். பதமும் வந்துவிடும். வறட்டல் ஒரு பக்கத்துக் கறிதானே, ஆளுக்கு வெந்தது 60 கிராம், மொத்தம் 3 கிலோ 600. சுத்தம் செய்த பச்சை எடை 7 கிலோவுக்குமேல் வேண்டும். முழுதாக வாங்குவதாக இருந்தால் குடல் கழிவுக்கும் சேர்த்து ஒன்பது கிலோ சொல்லிவையுங்கள்.

வாங்கும்போது மூடி திறந்து முகருங்கள். கடல் வாடைதான் வர வேண்டும். நல்ல சரக்கின் தோலில் பழுப்பும் சாம்பலுமாகப் புள்ளி தெளிவாக இருக்கும். பழையது இளஞ்சிவப்பாகி, தொட்டால் தோல் கையோடு வரும். சிறிய உருவத்தில், உடம்பில் நீல வளையம் தெரியும் ஒரு வகை உண்டு. அது கொடிய நஞ்சுள்ளது. அதை யாரும் கையாலும் தொடக் கூடாது.

---

பாரிஸ் வதனி (நவம்பர் 22)

செல்வி அக்கா, எல்லோரும் சம்பந்தி பக்கத்தையே கணக்குப் பார்க்கிறார்கள். நான் உங்கள் பக்கத்துப் பத்துப் பேரைப் பற்றிக் கேட்கிறேன். டிசம்பர் 24 மார்கழி மாதம். உங்கள் வீட்டில் திருவெம்பாவை விரதம் பிடிப்பவர்கள் யார் யார்? எங்கள் வீட்டில் மாமி மார்கழி முழுவதும் மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டார். சில வருடங்களில் திருவாதிரை நத்தாரை ஒட்டியே வந்துவிடும், அப்போது அந்தப் பத்து நாளும் வீட்டில் பாதிப்பேர் சைவம். அந்தச் சட்டியில் கிடந்த அகப்பையைக்கூட அவர்களுடைய சாம்பாரில் போட முடியாது. அவர்களுக்கு வேறு அடுப்பு, வேறு பாத்திரம்.

இரண்டாவது, ஒவ்வாமை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது இருந்தால் ஒக்டோபஸைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டிலும் கேளுங்கள். எங்கள் ஒன்றுகூடலில் ஒரு பிள்ளைக்கு உதடு வீங்கி அவசரப் பிரிவுக்கு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

---

ஸ்காபுரோ செல்வி (நவம்பர் 30)

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. முதலில் சோதனை முடிவு.

ஒன்று வாங்கினேன். பனியோடு தராசில் 1,820 கிராம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒன்றரை நாள் வைத்து உருகவிட்டு, நீரை வடித்து நிறுத்தேன்: 1,640. உள்ளே குடல் எடுத்துத்தான் வந்திருந்தது. அலகையும் கண்ணையும் எடுத்தபின் 1,600.

சம்பந்தி அம்மாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். உப்புப் போடாதே, தோலோடு ஒரு முழு வெங்காயத்தைப் பானையில் போடு, வெங்காயம் வெந்தால் போல்வும் வெந்தது என்றார். தலையைப் பிடித்துக் கால்களைக் கொதிக்கும் நீரில் மூன்று முறை முக்கி எடுக்கச் சொன்னார். முதல் முறை முக்கியதுமே எட்டு நுனிகளும் ஒன்றாகச் சுருண்டு பூப்போல மேலே மடிந்தன. சாம்பல் நிறம் அந்த நொடியே கருஞ்சிவப்பாகத் திரும்பியது. நான் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மெல்லிய தீயில் 50 நிமிடம். கால் தலையோடு சேரும் தடித்த இடத்தில் கத்திமுனை தடையில்லாமல் இறங்கியது. அடுப்பை அணைத்து அதே நீரில் இருபது நிமிடம் விட்டேன். தோல் அப்படியே இருந்தது.

வெந்த எடை 810. கால்கள் எட்டும் 670, தலை 140. அதாவது கடையில் நிறுத்த எடையில் 45 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பாதிகூட இல்லை! பந்தி ஐயா போட்ட 2,590 கிராமுக்கு இந்தக் கணக்கில் 5 கிலோ 800 வேண்டும். மூன்று வாங்கினால் 5 கிலோ 460 தான். நான்காவது வாங்கவா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

அதற்குள் வதனி சொன்னதை விசாரித்தேன். நான் நினைத்தே பார்க்காத விஷயம். என் மாமியார், அக்கா, அத்தான், பெரியம்மா நான்கு பேரும் சைவம். கேட்காமல் விட்டிருந்தால் அவர்களுக்கு என்ன வைத்திருப்பேன்? ஒவ்வாமை யாருக்கும் இல்லை.

---

பந்தி விசாரிப்பு (நவம்பர் 30)

அப்படியானால் கணக்கு மாறிவிட்டது. உங்கள் பக்கம் ஆறு பேர், 420 கிராம். 1,800, 420, 90. மொத்தம் 2,310. உங்கள் சரக்குக்கு 5 கிலோ 200 போதும். மூன்று வாங்கினால் வெந்தது 2,430 கிடைக்கும். நான்காவது வேண்டாம்.

உபரி என்பது விலை குறைந்த, எல்லோரும் உண்ணும் பொருளில்தான் இருக்க வேண்டும். உருளைக்கிழங்கை ஐந்து கிலோவாக வாங்குங்கள், ரொட்டி கூடுதலாக வையுங்கள். அந்த நான்கு பேருடைய சைவச் சமையலை எட்டுப் பேருக்குச் செய்யுங்கள். நீங்கள் பாருங்கள், சம்பந்தி வீட்டாரும் அதை விரும்பிக் கேட்பார்கள்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன். சமைத்ததில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் உள்ளே வையுங்கள். எல்லோரும் ஒருமுறை வாங்கிய பிறகு வெளியே வரட்டும். முப்பது வருடத்தில் பல பந்திகளில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு பங்குதான். வாசலில் யார் புதிதாக வந்து நிற்பார்கள் என்று எந்த வீட்டிலும் முன்பே தெரியாது.

---

போர்ட்டோவாசி (டிசம்பர் 1)

சோதனையைப் படிக்கும்போதே வாசனை வந்தது, அக்கா. ஒரு கால் 84 கிராம். இரண்டு கால் 168. கொட் மீனும் இருக்கும் மேசைக்கு அது நேர்மையான அளவு.

நாள் திட்டம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 21 இரவு மூன்றையும் உறைபெட்டியிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். 23 காலையில் வேகவையுங்கள். மூன்றையும் ஒரே பானையில் திணிக்க வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று அழுத்தினால் நடுவிலிருப்பது கடினமாகவே இருக்கும். ஒன்றை முதலில், பிறகு இரண்டைப் பெரிய பானையில். வெந்த நீரை ஆற்றி, அந்த நீரோடேயே குளிரில் வையுங்கள். மறுநாள் பார்த்தால் நீர் கூழ்போல உறைந்திருக்கும். பயப்பட வேண்டாம், தோலிலிருந்து இறங்கிய பசைதான் அது. அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

24 மாலை, விருந்தினர் வந்த பிறகு கால்களைப் பிரித்து, அகலத் தட்டில் அடுக்கி, நசுக்கிய பூண்டும் ஒலிவ எண்ணெயும் தாராளமாக ஊற்றி, 200 டிகிரியில் இருபது நிமிடம். 24 கால்களுக்கு முக்கால் லிட்டர் எண்ணெய் செல்லும். அதிகம் என்று கை பின்வாங்கக் கூடாது. இதற்குப் பெயரே ‘லகரெய்ரு’ முறை, ஒலிவ எண்ணெய் ஆலைக்காரர் சாப்பிடும் முறை என்று பொருள். சிறு கிழங்குகளைத் தோலோடு சுட்டு, முஷ்டியால் ஒரு குத்துக் குத்திப் பிளந்து அதே தட்டில் போடுங்கள். உப்பு கடைசியில்.

---

ஸ்காபுரோ செல்வி (டிசம்பர் 27)

எல்லோருக்கும் என் வணக்கமும் நன்றியும். நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது.

மூன்று வாங்கினேன். 23ஆம் தேதி வேகவைத்து எடுத்தபோது 24 கால்களும் சேர்ந்து 1,990 கிராம், தலைகள் 430. சோதனைக் கணக்கு அப்படியே நின்றது.

24 காலை பத்து மணிக்குச் சம்பந்தி அம்மா அழைத்தார். அவர்களுடைய தெருவில் வயதான தம்பதி இருக்கிறார்களாம். பிள்ளைகள் மேற்கே போய்விட்டார்கள், பனிப்புயலால் விமானம் நின்றுபோய் அன்று வரமுடியவில்லை. அந்த இரவில் யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது, அழைத்து வரட்டுமா என்று மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். நான் யோசிக்காமல் கட்டாயம் அழைத்து வாருங்கள் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் விரல் விட்டு எண்ணினேன். 9 பேர் 11 ஆனார்கள். 18 கால்கள் 22 ஆயின.

அப்போது வறட்டலுக்காக ஆறு கால்களையும் மூன்று தலைகளையும் பலகையில் எடுத்து வைத்திருந்தேன். கத்தியும் கையில் இருந்தது. நான்கு கால்களைத் திரும்ப எடுத்து அவித்த நீரிலேயே போட்டேன். இரண்டு கால்களையும் தலைகளையும் மட்டும் சிறு துண்டுகளாக நறுக்கி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், நம் யாழ்ப்பாணத் தூள் போட்டு, கடைசியில் தேங்காய்ச் சொட்டுகளும் சேர்த்து வறட்டினேன். தேங்காய் சேர்ந்ததில் அளவும் கூடியது, ருசியும் கூடியது. வேகவைக்கும்போது தலையைக் குறைவாக எண்ணியிருந்தேன், வறட்டலுக்கு அதுதான் காலைவிட நன்றாக இருந்தது. மசாலாவை அப்படிப் பிடித்துக்கொண்டது.

பந்தி ஐயா, நீங்கள் சொன்னபடி 22 கால்களையும் ஒரேயடியாக மேசையில் வைக்கவில்லை. 18ஐ முதல் தட்டில் வைத்தேன். நான்கை அடுப்பிலேயே, தீ அணைத்து, இளஞ்சூட்டில் வைத்தேன். கொட் மீனும் வந்திருந்ததால் பலர் முதலில் ஒரு கால்தான் எடுத்தார்கள். இரண்டாவது சுற்றில் அந்த நான்கும் வெளியே வந்தன. யாரும் வெறும் தட்டைப் பார்க்கவில்லை.

அந்த முதியவர் பேசவே இல்லை. காலின் தடித்த பகுதியை முதலில் சாப்பிட்டார். சுருண்ட நுனியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். வேண்டாமோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு ரொட்டியைப் பிய்த்து, அந்த நுனியை அதன்மேல் வைத்து, தட்டிலிருந்த பூண்டெண்ணெயை வழித்து, கடைசி வாயாக உண்டார். பிறகு தன் மனைவியிடம் போர்த்துகேய மொழியில் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்த்தார்: ‘என் அம்மாவும் வெங்காயம் போடுவாள்.’

வறட்டலில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. பிள்ளைகளுக்கு 30 கிராம் என்று எழுதியது தவறு. மூவரும் முழுங்கையால் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் பெரியவர் பங்கையே எண்ண வேண்டும். சம்பந்தி அம்மா வறட்டலை முதலில் நுனிநாக்கில் தொட்டுப் பார்த்தார், பிறகு தட்டை நீட்டினார். மாமியாருக்காகச் செய்த கத்தரிக்காய்ப் பால்கறி எட்டுப் பேருக்கு வைத்தது பதினைந்து பேருக்குப் போனது.

கிழங்கு ஒன்றரைக் கிலோ மிஞ்சியது. கால் மூன்று மிஞ்சியது.

---

போர்ட்டோவாசி (டிசம்பர் 27)

அக்கா, படித்துவிட்டு மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த முதியவர் நுனியைக் கடைசிக்கு வைத்தார் என்றதும், ‘என் அப்பாவும் அப்படித்தான்’ என்றாள்.

வேகவைத்த நீர் இருக்கிறதா?

---

ஸ்காபுரோ செல்வி (டிசம்பர் 27)

இருக்கிறது தம்பி, இரண்டு லிட்டர், கூழாக. மிஞ்சிய மூன்று கால்களும் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

---

போர்ட்டோவாசி (டிசம்பர் 27)

வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, ஒரு பங்கு குறுணை அரிசிக்கு மூன்று பங்கு அந்த நீரை ஊற்றி, குழைவாக வேகவிடுங்கள். நீரில் கடல் உப்பு இருக்கும், ருசி பார்த்தபின்தான் உப்பு. கால்களை நறுக்கி இறக்கும்போது போடுங்கள், கொத்தமல்லித்தழை மேலே. சோறு ஊதா நிறமாக வரும். தளதளவென்று இருக்கும்போதே சாப்பிட வேண்டும். பத்து நிமிடம் விட்டால் இறுகிவிடும். ஆகவே எல்லோரையும் முதலில் மேசையில் உட்காரவைத்துவிட்டு அடுப்பை அணையுங்கள்.